அறிவிச்சாச்சு... யாருக்குத் தெரியும்?

மகாவீர் ஜெயந்தி வருகிறதென்றால் கோவையில் முன்கூட்டியே ஒரு அறிவிப்பு வந்துவிடும். மாநகராட்சி எல்லைக்குள் இறைச்சிக் கடைகள் திறக்கக் கூடாது, அறுவைமனைகள் இயங்காது, மீறினால் நடவடிக்கை. வள்ளலார் நினைவு நாள், திருவள்ளுவர் தினம், காந்தி ஜெயந்தி என்று வருடத்தில் சில நாட்களுக்கு இதே வாசகம்தான், தேதி மட்டும் மாறும். கடைக்காரருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். முதல் நாள் மாலையே கடையில் கூட்டம் நிற்கும்.

மார்ச் மாதம் வந்தால் இன்னொரு அறிவிப்பு. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எதுவானாலும் வரி வசூல் மையங்கள் திறந்திருக்கும், வந்து கட்டிவிட்டுப் போங்கள் என்று. ஏப்ரல் பிறந்ததும் ஒரு சலுகையும் சேரும். அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. இதுவும் ஊர் முழுக்கத் தெரியும்.

சரி, இப்போது வேறு மூன்று கேள்விகள். தீபாவளிக்கு மறுநாள் குப்பை வண்டி வருமா? புதன்கிழமை அரசு விடுமுறையாகிவிட்டால் கைக்குழந்தைக்குத் தடுப்பூசி என்றைக்கு? பக்கத்துத் தெருவில் தோண்டிப் போட்ட குழியை எப்போது மூடுவார்கள்?

எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று கேட்டுப் பாருங்கள். "தெரியலீங்களே" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும்.

இதற்கெல்லாம் அறிவிப்பே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. ஏதாவது ஒரு அலுவலகப் பலகையில், ஏதாவது ஒரு செய்திக்குறிப்பில் ஒரு வரி இருக்கலாம். ஆனால் அறிவிப்பு வெளியாவது வேறு, அது போய்ச் சேர்வது வேறு. முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது உள்ளாட்சிகளின் பழைய பழக்கம். அரிசி வாங்கப் போய்த் திரும்பி வரும் பாட்டி, இருட்டில் குழிக்குள் வண்டியை விடும் தொழிலாளி, ஊசி போடாமல் விட்டுப்போன குழந்தை... இவர்கள் எல்லோரும் அந்தப் பழக்கத்துக்குத்தான் விலை கொடுக்கிறார்கள்.

தண்டோரா போன பிறகு

ஒரு காலத்தில் ஊர்ச் செய்தி என்றால் தண்டோரா. ஏரித் தண்ணீர் திறப்பதென்றாலும், கிராம சபை கூடுவதென்றாலும் பறை முழங்கும், ஆள் வந்து நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவார். அந்த வேலையைக் குறிப்பிட்ட சாதியினர் தலையில் கட்டியது பெரிய அநியாயம். 2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னார். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்றார். மிகச் சரியான முடிவு.

ஆனால் அந்த முறையில் இருந்த ஒரே ஒரு நல்ல அம்சத்தைக் கவனிக்க வேண்டும். செய்தியைத் தேடி மக்கள் போகவில்லை, மக்களைத் தேடிச் செய்தி வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் வந்தது. தெருத் தெருவாக வந்தது.

கோவை 1866-ல் நகராட்சியானது, 1981-ல் மாநகராட்சியானது. 2011-ல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி மாதிரியான பேரூராட்சிகளும் சேர்ந்து 100 வார்டுகள் ஆயின. ஊர் பெருத்தது. "பேரூராட்சி ஆபீசு பக்கத்துலதானுங்க, போய்க் கேட்டுட்டு வந்துடலாம்" என்ற வசதி பல பேருக்குப் போய்விட்டது. அது போதாதென்று 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரை கேள்வி கேட்கக் கவுன்சிலரே கிடையாது. அந்த ஐந்து வருடத்துக்கு மேலான இடைவெளியில் வார்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் செய்தி கொண்டுபோகும் ஆளே இல்லை.

ஊர் பெரிதானபோது அறிவிக்கும் முறையும் பெரிதாகியிருக்க வேண்டும். அது மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

விடுமுறை யாருக்கு?

விடுமுறை நாள் சேவை என்றாலே பல பேருக்குச் சிறப்புப் பேருந்துதான் ஞாபகம் வரும். தீபாவளி, பொங்கல் சமயத்தில் கோவையில் மதுரை, தேனிப் பக்கம் போகிறவர்கள் சிங்காநல்லூருக்கும், சேலம் பக்கம் போகிறவர்கள் காந்திபுரத்துக்கும் போக வேண்டும். கரூர், திருச்சிப் பேருந்துகள் சூலூரிலிருந்து கிளம்பிய வருடங்களும் உண்டு. எந்த ஊருக்கு எந்த நிலையம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். ஏன்? சொல்லாவிட்டால் ஒரே இடத்தில் பல்லாயிரம் பேர் குவிந்து ஊரே ஸ்தம்பித்துவிடும் என்ற பயம்.

குப்பைக்கு அந்தப் பயம் இல்லை. தீபாவளிக்கு மறுநாள் பட்டாசுக் காகிதமும் வாழையிலையும் பலகாரப் பெட்டியும் தெருமுனையில் குவிகிறது. தூய்மைப் பணியாளர்களும் மனிதர்கள்தானே, அவர்கள் வீட்டிலும் தீபாவளிதானே. ஒரு நாள் வண்டி வராதென்றால் வராது என்று முதல் வாரமே சொல்லிவிட்டால் பாதிப் பேராவது வீட்டுக்குள் கட்டி வைத்துக்கொள்வார்கள். சொல்லாததால் எல்லாம் தெருவுக்கு வருகிறது. நாய் இழுத்துப்போட்டதையும் சேர்த்து அள்ளுகிறவர் அதே பணியாளர்தான். சொல்லப்படாத ஒரு வரி, கடைசியில் அவர் முதுகில் பாரமாக ஏறுகிறது.

ரேஷன் கடையும் இப்படித்தான். மாதத்தின் முதல் இரண்டு வெள்ளி விடுமுறை, அதற்குப் பதில் முதல் இரண்டு ஞாயிறு திறந்திருக்கும் என்பது நடைமுறை. பண்டிகை வந்தால் இது மாறும். வெள்ளியும் திறப்பார்கள், பிறகு வேறொரு நாள் ஈடு செய்யும் விடுமுறை. அந்த ஈடு நாள் என்றைக்கு என்பது கடை வாசலில் போய் நின்ற பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. மில்லுக்கு விடுப்பு சொல்லிவிட்டு வந்த பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி. மாதச் சம்பளக்காரருக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியாது.

நான்கு புதன்கிழமைகள்

தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். எளிமையான, அருமையான ஏற்பாடு. தேதி ஞாபகம் வைக்க வேண்டாம், கிழமை போதும். கிராமத்துப் பாட்டி கூட "புதங்கெழம ஊசி போடோணும்" என்று சொல்லிவிடுவார்.

இப்போது ஒரு நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ், புதன். 2025 ஜனவரி 1, புத்தாண்டு, புதன். ஜனவரி 8, சாதாரணப் புதன். ஜனவரி 15, திருவள்ளுவர் தினம், மறுபடி புதன். அடுத்தடுத்த நான்கு புதன்கிழமைகளில் மூன்று அரசு விடுமுறை!

தேசிய அட்டவணைப்படி பிறந்தவுடன் ஒரு சுற்று, பிறகு 6, 10, 14-வது வாரங்களில் ஒவ்வொரு சுற்று, 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை, 16 முதல் 24 மாதங்களுக்குள் இரண்டாம் தவணை. அந்த நான்கு வாரத்தில் 6 வாரம் முடிந்த ஒரு குழந்தைக்கு எந்த நாள்? முதல் நாளே போடுவார்களா, மறுநாளா, அடுத்த வாரமா? சுகாதார நிலையத்தில் கேட்டால் செவிலியர் சொல்லிவிடுவார். கேட்கப் போவதற்கே வால்பாறை எஸ்டேட்டிலிருந்தோ ஆனைகட்டி மலைக் கிராமத்திலிருந்தோ ஒரு பேருந்தைப் பிடித்து வரவேண்டியவருக்கு? இந்த வாரம் போய்த் திரும்பியவர் அடுத்த வாரம் மறுபடி வருவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஒரு வாரம் தள்ளிப் போட்டால் உயிர் போய்விடாது. ஆனால் தள்ளிப் போட்டது மறந்து போவதுதான் ஆபத்து. தட்டம்மை ரொம்ப வேகமாகப் பரவும் நோய். ஊசி போடாத குழந்தைகள் எங்கே இருக்கிறார்களோ, அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

போலியோ சொல்லிக்கொடுத்த பாடம்

இதே நாட்டில், இதே மாநிலத்தில், ஒரு அறிவிப்பு உண்மையிலேயே எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த வரலாறும் இருக்கிறது. அதுதான் போலியோ சொட்டு மருந்து.

1995 டிசம்பரில் நாடு முழுக்க பல்ஸ் போலியோ தொடங்கியது. முகாம் நாள் ஞாயிறு, காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை. 5 வயதுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும். அறிவிப்பில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளி, அங்கன்வாடி, கோயில் முன்னால் என்று முகாம். பயணத்தில் இருக்கிற குழந்தைகளுக்காகப் பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் முகாம். சொட்டு மருந்து போட்டதும் இடது கைச் சுண்டுவிரலில் மை. மை இல்லாத விரல் எது என்று பார்த்தாலே யார் விட்டுப்போனது என்று தெரிந்துவிடும். அதற்கடுத்த நாட்களில் வீடு வீடாக ஆள் போய், பூட்டிய வீட்டைக் குறித்துவைத்துத் திரும்பவும் போனார்கள்.

2024 மார்ச் 3-ம் தேதி நடந்த முகாமுக்குத் தமிழ்நாட்டில் 43,051 மையங்கள். இந்தியாவில் கடைசியாகப் போலியோ வைரஸ் தாக்கிய குழந்தை 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ இல்லாத பகுதியாக அறிவித்தது.

இது மருந்தின் வெற்றி மட்டும் இல்லை. மருந்து அதற்கு முன்னாலும் இருந்தது. "சொன்னோமா" என்று கேட்பதை விட்டுவிட்டு "விட்டுப்போனது யார்" என்று கேட்க ஆரம்பித்ததன் வெற்றி.

தேதி மாறியபோதும் அந்தப் பழக்கம் கைகொடுத்தது. 2021 ஜனவரி 17-ல் நடக்க வேண்டிய போலியோ முகாம், கொரோனா தடுப்பூசி 16-ம் தேதி தொடங்கியதால் ஜனவரி 31-க்குத் தள்ளிப்போனது. ஒவ்வொரு வீட்டையும் அறிந்த அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் இருந்ததால், புதுத் தேதியைச் சொல்ல ஆளும் இருந்தது.

பாடத்தை மறந்தபோது என்ன நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. அரசின் விளக்கம் பெற்றோரை எட்டுவதற்குள் வாட்ஸ்அப்பில் வதந்தி எட்டிவிட்டது. பல பள்ளிகளில் பெற்றோர் குழந்தைகளை அனுப்ப மறுத்தார்கள். மருத்துவர்கள் பள்ளிகளுக்குப் போய்ப் பேச வேண்டியதாயிற்று. பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கும் நீண்டது. அரசு பேசாமல் விட்ட இடம் காலியாக இருக்காது. யாராவது வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

2021-ல் இன்னொரு சம்பவம். கொரோனா மெகா தடுப்பூசி முகாம்கள் செப்டம்பர் 12-ல் தொடங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. அக்டோபரில் ஒரு முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அதற்கு சுகாதாரத் துறை அமைச்சர் சொன்ன காரணம் சுவாரசியமானது. அசைவம் சாப்பிடுகிறவர்களும் மது அருந்துகிறவர்களும் ஞாயிறு ஊசி போட்டால் ஆகாது என்று நினைத்து ஒதுங்குகிறார்களாம்! அந்த நம்பிக்கை தவறுதான். ஆனாலும் ஜனங்களைத் திட்டாமல் கிழமையை மாற்றினார்கள் பாருங்கள், அதுதான் நிர்வாகம்.

தெருவைத் தோண்டும்போது மட்டும்...

இந்தக் கவனம் சாலை வேலைக்கு வரும்போது எங்கே போகிறது?

பெரிய வேலைகளுக்கு ஓரளவு சொல்லிவிடுகிறார்கள். உக்கடம்-ஆத்துப்பாலம் மேம்பால வேலை 2018-ல் தொடங்கி 2024 ஆகஸ்ட் 9-ல் பாலம் திறக்கப்பட்டது. அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. உயர்மட்டச் சாலை 2025 அக்டோபர் 9-ல் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் போக்குவரத்து மாற்றங்களைக் காவல்துறை அறிவித்தது, செய்தித்தாளில் வந்தது. வருடக்கணக்கில் தூசியைத் தின்றபடி ஜனங்கள் சமாளித்தார்கள்.

சின்ன வேலைகளுக்குத்தான் யாரும் பொறுப்பில்லை. பாதாளச் சாக்கடைக்கு ஒரு முறை, பழைய 60 வார்டுகளில் 24 மணி நேரக் குடிநீர்க் குழாய்க்கு ஒரு முறை, எரிவாயுக் குழாய்க்கு ஒரு முறை, கேபிளுக்கு ஒரு முறை. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் பொக்லைன் நிற்கும். கார் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பள்ளி வேன் தெருவுக்குள் வராது. ஆம்புலன்ஸ் வந்தால் எந்தப் பக்கமாக வரும் என்று யாருக்கும் தெரியாது. எந்தத் துறை, எந்த ஒப்பந்ததாரர், எத்தனை நாள் என்று கேட்டால் குழிக்குள் நிற்கிற தொழிலாளிக்கு அது தெரியாது. அவர் ஒடிசாவிலிருந்து வந்திருப்பார், கேள்வியே புரியாது.

சாலை வேலை நடக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை, தடுப்பு, இரவில் ஒளிரும் குறி எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய சாலைகள் காங்கிரஸ் தனி வழிகாட்டி நூலே வைத்திருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலைப் பராமரிப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. தெருவில் பார்ப்பது என்னவோ ஒரு மரக்கிளையும் அதில் கட்டிய சிவப்புத் துணியும்தான்!

முடியாத காரியமா என்றால், இல்லை. மின்வாரியத்தைப் பாருங்கள். பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் முன் எந்தத் துணை மின்நிலையம், எந்தெந்தப் பகுதிகள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று செய்தித்தாளில் கொடுத்துவிடுகிறார்கள். கோவைப் பதிப்பில் "நாளைய மின்தடை" பார்த்துவிட்டு முதல் நாளே மாவு ஆட்டி வைக்கும் வீடுகள் எத்தனையோ. சிறு பட்டறைக்காரர்கள் அன்றைக்கு மிஷினுக்கு ஆயில் போடும் வேலையை வைத்துக்கொள்கிறார்கள். கரண்ட் போவது ஒன்றும் சந்தோஷமான விஷயம் இல்லை. ஆனால் தெரிந்து போனால் அது வெறும் சிரமம், தெரியாமல் போனால் நஷ்டம். அதே வடிவத்தில் "நாளைய சாலைப்பணி" என்று ஒரு பட்டியல் ஏன் வரக்கூடாது? இங்கிலாந்தில் 1991-ல் கொண்டுவந்த தெருப்பணிச் சட்டப்படி, குழாய், கேபிள் நிறுவனங்கள் தோண்டுவதற்கு முன்னால் சாலை நிர்வாகத்துக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். தோண்டுவது யார், யாரைக் கூப்பிட வேண்டும் என்று வேலை இடத்திலேயே பலகையும் வைப்பார்கள். ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றுமில்லை, ஒரு பலகை.

"போட்டாலும் யாருங்க படிக்கறாங்க?"

அதிகாரிகள் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆள் பற்றாக்குறை. ஒப்பந்ததாரர் சொன்ன தேதிக்கு வருவதில்லை, மழை வந்தால் எல்லாம் மாறும். தேதி சொல்லி அது தவறினால் திட்டு வாங்குவது யார்? அதைவிடச் சொல்லாமலே இருப்பது பாதுகாப்பு. தவிர, "போட்டாலும் யாருங்க படிக்கறாங்க?" என்ற கேள்வி வேறு.

இறைச்சிக் கடை அறிவிப்பை எல்லோரும் தெரிந்துவைத்திருக்கிறார்களே, எப்படி? மின்தடையைப் படிக்கிறார்களே, எப்படி? எந்த நாள், எந்த இடம், எத்தனை மணி என்பது அதில் இருப்பதால். "பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று மட்டும் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள்தான். தேதி தவறுவதும் பெரிய குற்றமில்லை. தவறியதை மறைப்பதுதான் குற்றம். போலியோ முகாம் தேதியே மாறவில்லையா?

ஆள் பற்றாக்குறை என்பதும் முழு உண்மை இல்லை. சொத்து வரிப் பதிவேட்டில் கைப்பேசி எண் இருக்கிறது. கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் பிக்மி முறையில் தாய்மார்களின் எண் இருக்கிறது. வரி கேட்க அந்த எண் உதவும் என்றால், வாசலைத் தோண்டப் போகிறோம் என்று சொல்லவும் உதவும்தானே?

மொழியும் ஒரு விஷயம். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்ச் செய்தி பரவியபோது, திருப்பூர், கோவைப் பகுதிகளில் நிர்வாகம் இந்தியில் பேசியது, உதவி எண் கொடுத்தது. தேவை வந்தபோது முடிந்தது. மில் குடியிருப்புகளிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் வளரும் அந்தத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாளைச் சொல்லவும் அதே அக்கறை வேண்டும். வைரஸுக்கு மாநில எல்லை தெரியாது.

சட்டம் ஏற்கெனவே சொல்லிவிட்டது

இதெல்லாம் யாரோ போடும் தயவு இல்லை. 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4-வது பிரிவு, யாரும் கேட்காமலே தகவலைப் பரப்ப வேண்டும் என்கிறது. அதுவும் உள்ளூர் மொழியிலும், அந்தப் பகுதியில் எது அதிகப் பலன் தருமோ அந்த முறையிலும் பரப்ப வேண்டும் என்கிறது. "இணையதளத்தில் போட்டாயிற்று" என்ற பதில் சூலூர்ச் சந்தையில் காய் விற்கும் அம்மாவுக்குச் செல்லாது.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. கிராமங்களில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கிராம சபை. நகரங்களில் 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்திலிருந்து பகுதி சபை. இதில் நான்கு நாள் அரசு விடுமுறை நாள் என்பதையும் கவனியுங்கள். விடுமுறையில் டிவி முன்னால் உட்காருகிற நேரத்தில் ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்து, "எங்கள் தெருவில் அடுத்த மூன்று மாதத்தில் என்னென்ன தோண்டப் போகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டாலே போதும், பதில் தயார் செய்துகொண்டு வரவேண்டிய கட்டாயம் வந்துவிடும்.

கேட்க வேண்டியது ரொம்பப் பெரிய விஷயமும் இல்லை. ஒவ்வொரு அறிவிப்பிலும் ஐந்து விவரம்: என்ன, எந்தத் தெரு, எப்போதிலிருந்து எப்போது வரை, அதற்கு மாற்று என்ன, யாரைக் கேட்பது. அதை ஒட்ட வேண்டிய இடங்களும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ரேஷன் கடை, அங்கன்வாடி, டீக்கடை, பேருந்து நிறுத்தம். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குப்பை வண்டி இருக்கிறது. தினமும் தெருத் தெருவாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிற அந்த வண்டியில் நடுவே இரண்டு வரி செய்தி சொன்னால், சாதி ஒட்டாத புதுத் தண்டோரா அதுவே.

சுண்டுவிரலில் ஒரு சொட்டு மை வைத்து, விட்டுப்போன குழந்தை யார் என்று தேடிப் போன நாடு இது. விட்டுப்போன தெரு எது என்று தேடிப் போக அதற்குத் தெரியாதா என்ன?